காஸில் ஓடும் காரில் பின்வெடிப்பு: காஸ் கிட்டைக் கழற்றுமுன் பிளக்கைக் கழற்றுங்கள்

கேள்வி இது: “என்னுடையது 110 கொரோலா. பெற்றோலிலும் காஸிலும் (எல்.பி.ஜி.) ஓடும், பழைய மிக்சர் வகைக் கிட். பெற்றோலில் ஒரு குறையும் இல்லை. காஸில் மட்டும் இடைக்கிடை ‘டப்’ என்று எயார் கிளீனர் பக்கமாக வெடிக்கிறது. போன வாரம் எயார் கிளீனர் பெட்டியின் மூடியே பிளந்துவிட்டது. காஸ் கிட்டைக் கழற்றுவதுதான் வழியா?”

கழற்ற வேண்டியதில்லை. பெற்றோலில் குறையே இல்லை என்கிறீர்களே, அதைத்தான் நான் நம்பமாட்டேன். குறை அப்போதும் இருக்கிறது. பெற்றோல் அதை மூடி மறைக்கிறது, காஸ் போட்டுக் கொடுத்துவிடுகிறது.

உங்கள் இன்ஜின் பெற்றோலில் ஓடும்போது இன்டேக் மேனிஃபோல்டுக்குள், அதாவது காற்று சிலிண்டருக்குப் போகும் குழாய்க்குள், இருப்பது பெரும்பாலும் வெறும் காற்று. பெற்றோலை வால்வு வாசலில்தான் இன்ஜெக்டர் பீய்ச்சுகிறது. மிக்சர் கிட்டில் கதை வேறு. காற்று வரும் அளவைக் கட்டுப்படுத்தும் த்ரொட்டிலுக்கு முன்னாலேயே காஸ் காற்றோடு கலந்துவிடும். அங்கிருந்து வால்வு வரை குழாய் முழுக்கத் தீப்பிடிக்கத் தயாரான கலவைதான். இன்டேக் வால்வு திறந்திருக்கும் நேரத்தில் சிலிண்டருக்குள் கொஞ்சம் நெருப்பு மிச்சமிருந்தால் போதும், அது பின்னால் ஓடிவந்து எது பலவீனமோ அதைப் பிளக்கும். உங்களுக்கு மூடியோடு போனது அதிர்ஷ்டம். பிளாஸ்டிக் மேனிஃபோல்ட் உள்ள கார்களில் மேனிஃபோல்டே உடைந்த கதைகள் உண்டு. உள்ளே வரும் காற்றை அளக்கும் எயார்ஃப்ளோ சென்சர் இருக்கும் கார்களில் அதுவும் சேர்ந்து போகும். உங்கள் 5ஏ இன்ஜினில் அது இல்லாததால் பெரிய செலவு ஒன்று மிச்சம்.

இனி வைத்தியம். என் கணிப்பில் பத்தில் எட்டுக் கார்களுக்கு நோய் ஸ்பார்க்கில்தான். காஸ் கலவையில் பொறி தாண்டுவதற்குப் பெற்றோலைவிடக் கூடுதலான மின்னழுத்தம் வேண்டும். பிளக் இடைவெளி தேய்ந்து அகன்றிருந்தாலோ, பிளக் வயர் கிழடாகியிருந்தாலோ, பொறி பிளக்கின் நுனிக்குப் போகாமல் சுலபமான வழி தேடிப் பக்கத்தில் குதித்துவிடும். அப்போது எரியாமல் விட்ட கலவை, அல்லது மெதுவாக எரிந்து முடியாமல் கிடக்கும் கலவைதான் அடுத்த சுற்றில் வெடிப்பாக வருகிறது.

என் மச்சானின் காரில் இதைக் கண்ணாலேயே பார்த்தோம். பெருமழை பெய்து கொழும்பு ஆமர் வீதிச் சந்தியில் தண்ணீர் நின்ற நாள். அதைக் கடந்து வந்த பிறகு காஸில் வெடி, பெற்றோலுக்கு மாற்றினால் நிசப்தம். இரவு வீட்டு முற்றத்தில் விளக்கை அணைத்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, பொனெட்டைத் திறந்தோம். இரண்டாம், மூன்றாம் சிலிண்டர் வயர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போகும் இடத்தில் நீலமாக நூல் போல ஒரு பொறி ஓடிக்கொண்டிருந்தது. சிலிண்டர்களுக்கு மின்சாரத்தை முறைப்படி பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினால், உள்ளே இரண்டு முனைகளுக்கு நடுவே பென்சிலால் கீறினது போல ஒரு கரிக்கோடு. அந்தக் கோடு வழியாகத்தான் மின்சாரம் தப்பான சிலிண்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் இன்டேக் வால்வு திறந்திருக்கும் சிலிண்டர் எதுவோ, அதற்குப் பொறி போனால் வெடி நிச்சயம். மூடி, ரோட்டர், வயர் செட், பிளக் நான்கையும் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வாங்கிப் போட்டான். வெடிச் சத்தம் அதோடு நின்றது. அதுவரை கராஜில் எல்லோரும் காஸின் அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெடியூசரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அதனால் நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். வயரை மீற்றரில் அளந்தால் ஒன்றுக்கு 25 கிலோ ஓமுக்கு மேல் காட்டக்கூடாது. வயர்களைக் கிளிப்பில் போட்டு இடைவெளி விட்டு ஓட்டுங்கள், கட்டாகக் கட்டி அழகு பார்க்க வேண்டாம். பிளக்கைப் பொறுத்தவரை, 1.1 மில்லிமீற்றர் இடைவெளியோடு வருவதாக இருந்தால் காஸுக்கு 0.8 அளவில் வைப்பது நல்லது. இரிடியம் பிளக்காக இருந்தால் இடைவெளியை வளைத்து விளையாடாதீர்கள், நுனி முறிந்துவிடும். பெற்றோல் காருக்குச் சொல்லும் கணக்கைவிட முன்னதாகவே பிளக்கை மாற்றிவிட வேண்டும். பிளக் விலையையும் ஒரு எயார் கிளீனர் பெட்டியின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும்.

அடுத்தது கலவை. ரெடியூசரிலிருந்து மிக்சருக்குப் போகும் ஹோஸில் ஒரு திருகு இருக்கும். காஸ் மிச்சம் பிடிப்பதற்காக அதைக் கொஞ்சம் மூடிவிடுவது நம் ஊரில் பலருக்குப் பழக்கம். கலவை மெலிந்தால் மெதுவாக எரியும். மெதுவாக எரிந்தால் இன்டேக் வால்வு திறக்கும்போதும் நெருப்பு அணைந்திருக்காது. மிச்சம் பிடித்த காசு எயார் கிளீனர் மூடியோடு போய்விடும். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. அழுக்கான எயார் ஃபில்டரோடு திருகைச் சரிசெய்துவிட்டுப் பிறகு புதிய ஃபில்டர் போட்டால், காற்று கூடி கலவை தானாகவே மெலிந்துவிடும். முதலில் ஃபில்டர், பிறகு திருகு. மேனிஃபோல்டில் வெக்கூம் ஹோஸ் எங்காவது கீறல் விட்டிருந்தாலும் இதே விளைவுதான்.

வால்வு இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் கேமுக்கும் நடுவே விடும் இடைவெளியை, கராஜில் யாரும் தானாகப் பார்க்கமாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். காஸில் நீண்ட காலம் ஓடும் இன்ஜினில் வால்வு சீற்றுக்குள் மெல்ல மெல்ல இறங்கும், அதனால் இடைவெளி குறையும். முழுதாக மூடாத இன்டேக் வால்வு பின்வெடிப்புக்குத் திறந்த கதவு. உங்கள் இன்ஜினில் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்யும் முறை. இன்டேக் பக்கம் குளிர்ந்த நிலையில் 0.15 முதல் 0.25 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். பொறி விழும் நேரமான டைமிங்கைக் காஸுக்காகக் கொஞ்சம் முன்னால் தள்ளலாம், ஆனால் அளவோடு. 92 ஒக்டேன் பெற்றோலுக்கு மாறி ஏற்றத்தில் மிதித்தால் இன்ஜின் தட்டத் தொடங்கிவிடும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் பின்வெடிப்பு வால்வு. மிக்சருக்கும் எயார் கிளீனருக்கும் நடுவே பொருத்துவார்கள். ஸ்பிரிங் வைத்த மூடி, அழுத்தம் வந்தால் திறந்து வெளியே விட்டுவிட்டு உடனே மூடிக்கொள்ளும். கட்டாயம் போடுங்கள். ஆனால் அது அடியை வாங்கிக்கொள்ளுமே தவிர, வெடிப்பை நிறுத்தாது. அதைப் போட்டுவிட்டு “இனிப் பயமில்லை” என்று மாதக்கணக்காக வெடித்துக்கொண்டே ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். வேறு சிலர் பெட்டியின் கிளிப்பைத் தளர்வாக விட்டு மூடி தானே கிளம்ப வழி செய்கிறார்கள். அந்த இடுக்கு வழியாகக் கொழும்புத் தூசி முழுதும் இன்ஜினுக்குள் போகும், அந்த வேலை வேண்டாம்.

ஓட்டும் பழக்கமும் கொஞ்சம் மாற வேண்டும். காலையில் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடான பிறகு காஸுக்கு மாற்றுங்கள். ரெடியூசர் கூலன்ட் சூட்டில்தான் வேலை செய்கிறது. குளிர்ந்த நிலையிலும் கூலன்ட் குறைந்தாலும் அது சரியாகக் காஸ் தராது. காஸில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் விடாமல் சாவியைத் திருகிக்கொண்டே இருக்காதீர்கள். ஒவ்வொரு திருகலிலும் மேனிஃபோல்ட் கலவையால் நிரம்புகிறது, கடைசியில் பற்றும்போது சேர்த்து வெடிக்கும். ஒருமுறை வெடித்துவிட்டால், ஓரமாக நிறுத்தி, சுவிட்சைப் பெற்றோல் பக்கம் போட்டு இன்ஜினை அணைத்து, காஸ் ஹோஸ் கழன்றிருக்கிறதா, ஃபில்டர் கடதாசி புகைகிறதா என்று பாருங்கள். காஸ் மணந்தால் திரும்ப ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

கிட்டையே மாற்றுவது பற்றி யோசித்தால், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உள்ள சீக்குவென்ஷல் வகைதான் சரி. காஸ் வால்வு வாசலில்தான் வருகிறது, மேனிஃபோல்டில் தங்காது. செலவு கூட. காரை இன்னும் கனகாலம் வைத்திருப்பதானால் மட்டும் செய்யுங்கள்.

பிளந்த பெட்டிக்குப் புதிது தேடி அலைய வேண்டாம், 110க்கு ரீகண்டிஷன் பெட்டி பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். பொருத்துமுன் த்ரொட்டிலுக்குப் போகும் ரப்பர் ஹோஸை மடிப்பு மடிப்பாக விரித்துப் பாருங்கள். பெட்டி பிளந்த அதே வெடியில் அதுவும் உட்பக்கம் கீறியிருக்கலாம்.