பறக்கிற மாப்பிள்ளைக்கு அத்தான் போட்ட பாலிசி

கேள்வி: வயது 38. பாளையங்கோட்டையில் உதிரிபாகக் கடை. அவ்வப்போது வாகமன் போய் பாராகிளைடிங் செய்வேன்; சிறு விமானம் ஓட்டவும் கற்கப் போகிறேன். அக்கா வீட்டு அத்தான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். அவரிடம் நான்கு எண்டோவ்மென்ட் பாலிசி (சேமிப்பும் ஆயுள் காப்பும் சேர்ந்தது): மொத்தக் காப்பு 20 லட்சம், மொத்த வருடப் பிரீமியம் 1,15,000. ஒன்று காலாவதியாகி, சங்கிலியை அடகு வைத்துப் புதுப்பித்தேன். படிவத்தில் பொழுதுபோக்கு பற்றிய கேள்விக்கு, "அதெல்லாம் எழுதாத மாப்ளே, பிரீமியம் ஏறிரும். மூணு வருஷம் போனா யாரும் கேக்க முடியாது" என்றார். இப்போது ஐந்தாவது போடச் சொல்கிறார். அடிபட்டால் பணம் வருமா?

பதில்: மெடிக்ளைம் பாலிசி இருந்தால், ஆஸ்பத்திரிச் செலவு பெரும்பாலும் வரும். மெடிக்ளைமில் சாகச விளையாட்டு விலக்கு, அதைத் தொழிலாகச் செய்பவருக்குத்தான். காசு வாங்கிக்கொண்டு ஆளை ஏற்றிப் பறந்தால் கதை வேறு. தனிநபர் விபத்து பாலிசி அப்படியல்ல. விமானத்தில் பயணியாக உட்கார்ந்தால்தான் பொதுவாகக் காப்பு. ஓட்டக் கற்பவருக்கு இல்லை.

உங்களுக்குக் கேடு அத்தான் நீட்டுகிற இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுவதுதான். அவர் சொன்ன மூன்று வருடக் கணக்கு, இன்சூரன்ஸ் சட்டம் 45வது பிரிவு. ஆனால் பாலிசியைப் புதுப்பித்தால் அந்தத் தேதியிலிருந்து மறுபடி எண்ண வேண்டும். அடகு வைத்துப் புதுப்பித்தீர்களே, அதில் கடிகாரம் முதலிலிருந்து ஓடுகிறது. விபத்து ரைடரில் (ஆயுள் பாலிசியோடு சேர்த்து எடுக்கிற கூடுதல் காப்பு) பறத்தல் விலக்கு என்று அச்சிட்டிருந்தால், எத்தனை வருடம் போனாலும் அது விலக்குதான்.

கணக்கைப் பாருங்கள். இறந்தால் மட்டும் பணம் தருகிற டேர்ம் பாலிசி, ஒரு கோடிக்கு, உங்கள் வயதில் வருடம் சுமார் 20,000. பறப்பதற்காகக் காப்புத் தொகையில் ஆயிரத்துக்கு இரண்டு ரூபாய் ஏற்றினால் இன்னொரு 20,000. ஆக 40,000. நீங்கள் 1,15,000 கட்டி வைத்திருப்பது 20 லட்சம். இதில் அடகு வட்டி தனி.

ஐந்தாவது பாலிசி வேண்டாம். நான்கு பாலிசிக்கும் பாராகிளைடிங்கைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்குங்கள். டேர்ம் படிவத்தில் பாராகிளைடிங், விமானப் பயிற்சி, வருடத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதையெல்லாம் எழுதுங்கள். டேர்ம் கைக்கு வந்தபின், பழையவற்றுக்குப் பெய்ட்-அப் மதிப்பு (பிரீமியத்தை நிறுத்தினால் மிஞ்சும் குறைந்த காப்பு), சரண்டர் மதிப்பு (பாலிசியை முடித்துக்கொண்டால் கைக்கு வரும் பணம்) இரண்டையும் கிளையில் கேட்டு முடிவெடுங்கள். அதுவரை எதையும் விட வேண்டாம். டேர்மை அத்தானிடமே எடுத்தாலும் சரி, கமிஷன் அவருக்குப் போகட்டும். படிவத்தை மட்டும் நீங்களே நிரப்பி, நகல் வைத்துக்கொள்ளுங்கள்.