திடலோரம்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

2025 நவம்பரில் ஹாங்காங்கை அதன் மண்ணிலேயே, பின்தங்கியிருந்த நிலையிலிருந்து மீண்டு 2–1 என வென்று, நம் சிங்கப்பூர்க் காற்பந்துக் குழு ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்ற இரவில் எனக்கு உறக்கமே வரவில்லை. இனி உலகக் கிண்ணத்தையும் கனவு காணலாமா? நான் சிறுவயதுமுதல் ஆதரிக்கும் குழு சிங்கப்பூர்க் காற்பந்து லீக்கின் இரண்டாம் பிரிவில் ஆடுகிறது. வேலைப்பளுவால் இந்தப் பருவத்தில் ஒரே ஓர் ஆட்டத்துக்குத்தான் போனேன். எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது பேர் இருந்தோம். இங்கிலாந்துக் குழுக்களைப் பின்பற்றும் நண்பர்கள் சிரிக்கிறார்கள். என் குழுவிலிருந்து ஒருவராவது தேசியக் குழுவுக்குப் போனால்தானே என் ஆதரவுக்குப் பொருள் உண்டு?

ச., ஈசூன்

அன்புள்ள ச.,

உங்கள் குழுவின் பெயரை நீக்கிவிட்டேன். பத்தொன்பது என்ற எண்ணைப் படித்தால் ஆடுகிறவர்களின் மனம் நோகும்.

உலகக் கிண்ணத்தைப் பற்றி என்னிடம் நீண்ட பதில் இல்லை. 2010இல் உலகக் கிண்ணத்தில் ஆடுவோம் என்று 1998லேயே இலக்கு வைத்த நாடு இது. அந்த ஆண்டு வந்தது, போயிற்று. 1984இல் போட்டியை நாமே நடத்தியதால் ஆசியக் கிண்ணத்தில் இடம் கிடைத்தது. 2027இல் ஆடி வென்ற இடத்தோடு சவூதி அரேபியாவுக்குப் போகிறோம். அதற்கு மகிழுங்கள், போதும். நண்பர்களின் சிரிப்பையும் விடுங்கள். மான்செஸ்டரில் மழை பெய்தால் இங்கே குடை பிடிப்பவர்கள் அவர்கள்.

உங்கள் கடைசி வரிதான் என்னைச் சீண்டியது. ஒருவர் மேலே போனால்தான் உங்கள் ஆதரவுக்குப் பொருள் என்றால், நீங்கள் அந்தக் குழுவின் ரசிகர் அல்லர். நாற்றங்காலைச் சுற்றிப் பார்க்க வந்த அதிகாரி. உங்கள் குழு முதல் பிரிவுக்கு ஏறி அங்கும் முதலிடம் பெற்றாலும், அதற்கு மேல் சிங்கப்பூர் பிரிமியர் லீக்குக்குப் போகும் படிக்கட்டு இங்கே கிடையாது. ஆடும் இளைஞர்களுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் வேலை முடிந்து, பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேருந்து மாறித் திடலுக்கு வருகிறார்கள். வேலைப்பளு என்று காரணம் சொல்வது நீங்கள்.

எழுபதுகளில் என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். காலாங்கில் தேசிய விளையாட்டரங்கம் அதிர்ந்த காலம் அது. 1977இல் பினாங்கை 3–2 என வென்று மலேசியக் கிண்ணம் வந்தபோது, சமது அல்லாப்பிச்சையையும் எஸ். ராஜகோபாலையும் நம் வீட்டுப் பிள்ளைகள்போல எங்கள் புளோக்கே கொண்டாடியது. அப்பாவும் கொண்டாடினார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவர் என்னைக் கூட்டிச்சென்றது காலாங்குக்கு அன்று, ஃபேரர் பார்க் திடலுக்கு. அங்கே ஆடியவர்களின் பெயர்கள் அவருக்குத் தெரியாது. எங்கே வேலை செய்கிறார்கள் என்பது தெரியும். கோட்டுக்கு வெளியே நின்று, "ஏய் போஸ்ட் ஆபீஸ், திரும்பிப் பாருடா! ஆஸ்பத்திரி, பந்தை விடு!" என்று கத்துவார். நான் வெட்கத்தில் நாலடி தள்ளி நிற்பேன். இடைவேளையில், நான்காக வெட்டிய ஆரஞ்சுப் பழங்களைத் தாள் பையிலிருந்து எடுத்து, தான் திட்டியவர்களுக்கே கொடுப்பார். மூன்று கோல் விட்ட கோல்காப்பாளருக்கு ஒரு துண்டு கூடுதல். அவர்களுள் எவராவது நாட்டுக்காக ஆடினாரா என்று அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. அடுத்த வாரம் போஸ்ட் ஆபீஸ் வரவில்லை என்றால், அவருக்கு உடம்புக்கு என்ன என்று கேட்பார்.

நாமோ தேசியக் குழுவையே அந்த அளவுக்கு அறிய மாட்டோம். 2024 ஜூனில் உலகக் கிண்ணத் தகுதிச்சுற்றில், பேங்காக்கில் தாய்லாந்திடம் 3–1 எனத் தோற்றோம். நம் கோல்காப்பாளர் ஹசான் சன்னி அன்று பதினொரு பந்துகளைத் தடுத்திராவிட்டால், சீனாவைத் தாண்டித் தாய்லாந்து அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும். தெம்பனிஸில் அவர் வைத்திருந்த நாசி லெமாக் கடைக்குச் சீன ரசிகர்கள் திரண்டு வந்தார்கள். தொலைவில் இருந்தவர்கள் பணம் அனுப்பினார்கள், அவரே போதும் என்று சொல்லும்வரை. நம் கோல்காப்பாளருக்கு ஒரு கடை இருப்பதை நம்மில் எத்தனையோ பேர் அந்நியர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம், நானும் அப்படித்தான். அப்பா இருந்திருந்தால் "நாசி லெமாக், முன்னால வா!" என்று முதல் ஆட்டத்திலேயே கத்தியிருப்பார்.

ஆகவே ஒரு வேலை தருகிறேன். உங்கள் குழுவின் இடப்புறத் தற்காப்பாளர் என்ன தொழில் செய்கிறார் என்று விசாரித்து எழுதுங்கள். அடுத்த ஆட்டத்தின் நேரத்தையும் திடலையும் சேர்த்தே எழுதுங்கள், இருபதாவது ஆளாக நான் வருகிறேன். சனிக்கிழமை மாலை மட்டும் வேண்டாம். பேத்தியை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப் போக வேண்டும்.