ஆளில்லாத பள்ளத்தாக்கு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எடின்பரோவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். போன ஜூனில் விடுமுறைக்கு ஸ்காட்லாந்தின் வட கடற்கரையில் இருக்கும் பெட்டிஹில் என்ற சிற்றூருக்குப் போயிருந்தோம். கடலைப் பார்த்த சரிவில் தள்ளித் தள்ளிச் சில வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு கடை. இரவு பதினோரு மணிக்கும் வெளிச்சம். நேவர் ஆற்றை ஒட்டி உள்ளே காரில் போனால் மைல் கணக்கில் ஆளே இல்லை. மனிதக் கை படாத இயற்கை என்று படித்திருக்கிறேன், அன்றுதான் பார்த்தேன். சத்தமும் குப்பையுமான நம் கிராமங்களை நினைத்து வருத்தமாக இருந்தது.

அங்கே ஒரு பழைய வீட்டை வாங்கிப்போட்டு அடிக்கடி போய்த் தங்கி எழுதலாம் என்று ஆசை. மனைவிக்குக் குளிரை நினைத்துப் பயம். அப்படிப்பட்ட தனிமை எழுத்துக்கு உதவுமா? உங்கள் அபிப்பிராயம் வேண்டும்.

கே.

அன்புள்ள கே.,

குளிரைப் பற்றி உங்கள் மனைவி பயப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் அங்கே குளிரைவிடக் காற்று மோசம், காற்று நின்றுவிட்டால் மிட்ஜ் என்ற பொடிக் கொசு அதைவிட மோசம். நம் கிராமங்களோடு ஒப்பிட்டு எழுதியதற்குப் பதில் சொல்லப் போவதில்லை. நாலு நாள் விருந்தாளியாகப் போன ஊரையும் பிறந்து வளர்ந்த ஊரையும் ஒரே தராசில் வைத்தால் எந்த ஊரும் தோற்கும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது ஒரே ஒரு வரி. 'மனிதக் கை படாத இயற்கை.' அந்த வட்டாரத்துச் சதுப்பு நிலத்தை, ஃப்ளோ கன்ட்ரி என்பார்கள், 2024இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நல்ல காரியம்தான். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போய்வந்து எழுதுகிறவர்கள் எல்லோரும் இதே வரியை எழுதுகிறார்கள். படித்துப் படித்து மனம் கொதித்திருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாகப் பதில்.

தம்பி, நீங்கள் காரில் போனது காட்டுக்குள் இல்லை. ஊர்களுக்குள் போயிருக்கிறீர்கள். ஸ்ட்ராத்நேவர் என்ற அந்தப் பள்ளத்தாக்கில் இருநூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் ஆற்றின் இரண்டு கரையிலும் வரிசையாக ஊர்கள் இருந்தன. ரோசல், அச்சன்லோச்சி, கிரம்மோர் என்று இன்றைக்கும் பெயர் சொல்லலாம். கேலிக் என்ற மொழி பேசிய மக்கள். கறுப்பு மாடு வளர்த்தார்கள், ஓட்ஸும் பார்லியும் உருளைக்கிழங்கும் போட்டார்கள். கோடையில் மாடுகளை மேட்டு மேய்ச்சலுக்கு ஓட்டிப்போய் அங்கேயே குடிசை போட்டுத் தங்கி, வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் எடுத்தார்கள். நீங்கள் பார்த்த வெறுமை 1814இல் தொடங்கி 1819க்குள் ஏறக்குறைய செய்து முடிக்கப்பட்டது.

எனக்கு அதைக் காட்டியவர் பெட்டிஹில் பக்கத்தில் நான் தங்கியிருந்த வீட்டுக்காரர். கிராஃப்ட் என்று சொல்லப்படும் சிறு குத்தகை நிலம் வைத்திருந்தவர். கொஞ்சம் செம்மறி, கொஞ்சம் உருளைக்கிழங்கு, மற்றபடி சாலைப் பராமரிப்பில் சம்பளம். அவர் என்னை ரோசலுக்குச் சாயங்காலம்தான் கூட்டிப்போவேன் என்று பிடிவாதமாக இருந்தார். ஏன் என்று அங்கே போன பிறகு புரிந்தது. உச்சி வெயிலில் அது வெறும் புல்வெளி. சூரியன் சாய்ந்ததும் தரை முழுவதும் நிழல் கோடுகள் எழுந்து வந்தன. மேடு, பள்ளம், மேடு, பள்ளம் என்று வரிசையாக உழவுப் பாத்திகள். கடைசியாக அங்கே உழுதவன் போய் இருநூறு வருஷம் ஆகிறது, பாத்தி இன்னும் இருக்கிறது.

அப்புறம் ஒரு வீட்டைக் காட்டினார். முழங்கால் உயரத்துக்குக் கல் சுவர், நீளமாக, ஒரு பக்கம் சற்றே சரிந்து. மேல் பாதியில் மனிதர்கள், கீழ்ப் பாதியில் மாடு, எல்லாம் ஒரே கூரையின் கீழ். தொழுவம் எப்போதும் சரிவின் கீழ்ப்பக்கம்தான் இருக்கும். மேலே இருந்தால் மூத்திரமும் சாணியும் அடுப்புக்கு ஓடிவரும் அல்லவா? பக்கத்தில் ஈரத் தானியத்தைச் சூடுகாட்டிக் காய வைக்கும் சூளையின் குழி. அந்த மழையில் வெயிலை நம்பிக் களத்தில் பரப்பிவைக்க முடியாது. சுவரோரம் காஞ்சொறி அடர்ந்து நின்றது. ஆளும் மாடும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து உரமேறிய மண்ணில் அது விடாமல் முளைக்கும். சுற்றிலும் பழுப்பு நிற ஹீதர் புதர், நடுவில் திட்டாகப் பச்சைப் புல். அந்தப் பச்சையும் சாணி உரம் கொடுத்ததுதான். மலைச்சரிவில் இப்படி ஒரு பச்சைத் திட்டைத் தூரத்திலிருந்து பார்த்தாலே அங்கே ஊர் இருந்தது என்று சொல்லிவிடலாம். நீங்கள் எத்தனை திட்டைப் படமெடுத்தீர்களோ!

ரோசலில் 1962இல் தொல்லியல் ஆய்வு நடந்தது. பிறகு சுற்றிலும் வனத்துறை ஊசியிலை மரம் நட்டது, ஊர் மட்டும் நடுவே விடப்பட்டிருக்கிறது.

அந்த மக்கள் எப்படிப் போனார்கள் என்று கேட்கிறீர்களா? கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் கோபம்.

நிலம் முழுக்க சதர்லாண்ட் சீமாட்டி எலிசபெத்தின் குடும்பச் சொத்து. அவர் கணவர் இங்கிலாந்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். செவியட் என்ற இனச் செம்மறியை விட்டு மொத்தமாக ஒரே ஆளுக்குக் குத்தகை கொடுத்தால் வருமானம் பல மடங்கு என்று கணக்குப் போட்டார்கள். அதற்குச் 'சீர்திருத்தம்' என்று பெயர் வைத்தார்கள். காரியஸ்தர் பேட்ரிக் செல்லர். குடிகளைக் காலி செய்ய வைத்தவரும் அவர்தான், காலியான நிலத்தில் செம்மறிப் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தவரும் அவர்தான். 1814 ஜூனில் அவருடைய ஆட்கள் வீடு வீடாக வந்தார்கள். மரம் அரிதான நாடு அது. உத்தரத்தை எரித்துவிட்டால் திரும்பி வந்து கூரை போட முடியாது, அதனால் எரித்தார்கள். பாடின்லாஸ்கின் என்ற இடத்தில் வில்லியம் சிஷோல்ம் என்பவரின் மாமியார் மார்கரெட் மக்காய், நூறை நெருங்கிய கிழவி, படுக்கையோடு கிடந்தார். தீ வைத்த வீட்டிலிருந்து அவரை வெளியே தூக்கி வந்தார்கள், சில நாளில் இறந்தார். செல்லர் மேல் வழக்கு நடந்தது. 1816 ஏப்ரலில் இன்வெர்னஸ் நீதிமன்றம் விடுதலை செய்தது. ஜூரியில் இருந்தவர்கள் பெரும்பாலும் நிலக்கிழார்கள்.

இதே குடிகளின் பிள்ளைகளை 1799இல் பிரிட்டிஷ் ராணுவத்தின் 93ஆம் படைப்பிரிவுக்கு ஆள் எடுத்திருந்தார்கள். 1814 ஜூனில் இங்கே வீடுகள் எரிந்தன. 1815 ஜனவரி 8ஆம் தேதி அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் அந்தப் பிரிவு முன்னேறவும் உத்தரவில்லாமல் பின்வாங்கவும் உத்தரவில்லாமல் திறந்த வெளியில் நின்று சுடப்பட்டுச் சரிந்தது. இந்த இரண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எனக்கு எத்தனை முறை படித்தாலும் தாங்கவில்லை.

1819இல் மறுபடியும். டொனால்ட் மக்லியாட் என்ற கல்தச்சர் ரோசலில் பிறந்தவர். ஓர் இரவு பதினோரு மணி வாக்கில் ஒரு மேட்டில் ஏறி, எரிந்துகொண்டிருந்த வீடுகளை எண்ணியதாகவும் இருநூற்றைம்பது இருந்ததாகவும் பின்னாளில் எழுதினார். நீங்கள் வெளிச்சம் இருக்கிறது என்று வியந்த அதே இரவு பதினோரு மணி.

சரி, மக்கள் எங்கே போனார்கள்? சிலர் கனடாவுக்கு. அங்கே போனவர்களுக்குக் கிடைத்த நிலத்தில் ஏற்கெனவே வேறு மக்கள் வாழ்ந்தார்கள், அது இன்னொரு கொடுமை, இங்கே அதற்கு இடமில்லை. பலர் கடற்கரைக்குத் துரத்தப்பட்டார்கள். நீங்கள் தங்கிய பெட்டிஹில் அப்படி உண்டானது. 'தள்ளித் தள்ளிச் சில வீடுகள்' என்று ரசித்து எழுதியிருக்கிறீர்கள். உள்ளே இருந்த பழைய ஊர்களில் வீடுகள் கூட்டமாக இருந்தன, ரோசலில் இன்றும் பார்க்கலாம். கரையில்தான் நில அளவைக்காரர் கோடு போட்டு ஆளுக்கொரு துண்டு ஒதுக்கினார், வீடு அந்தந்தத் துண்டில் தனித்தனியாக நின்றது. துண்டும் வேண்டுமென்றே சிறியது. நிலத்தை மட்டும் நம்பி ஒரு குடும்பம் பிழைத்துவிடக் கூடாது, மீன்பிடிக்கவோ கூலிக்கோ போயே ஆக வேண்டும் என்பது திட்டம். மலையில் மாடு மேய்த்தவர்களைப் பாறைக் கரையில் நிறுத்தி ஹெர்ரிங் மீன் பிடி என்றார்கள். அந்த ஊருக்கு எலிசபெத் சீமாட்டியின் செல்லப் பெயரான பெட்டி என்பதையே வைத்தார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கோல்ஸ்பி என்ற ஊர் வழியாகப் போயிருந்தால் மலையுச்சியில் ஒரு பிரம்மாண்டச் சிலை கண்ணில் பட்டிருக்கும். அது அவர் கணவர்.

1883இல் அரசாங்கம் ஒரு விசாரணைக் குழு போட்டது. நேப்பியர் கமிஷன். அது பெட்டிஹில்லுக்கும் வந்து உட்கார்ந்தது. ஆங்கஸ் மக்காய் என்ற கிழவர் வந்து சாட்சி சொன்னார். வீட்டைவிட்டு ஓடிய நாளில் அவர் சிறுவன். தம்பியை முதுகில் சுமந்துகொண்டு, நீங்கள் காரில் ஒட்டிப்போன அதே நேவர் ஆற்றில் இறங்கியிருக்கிறார். ஆழம் கூடியதும் தம்பி அழுது உதற, இவர் விழுந்து எழ முடியாமல் இரண்டு பேரும் முழுகிவிடுவோம் என்று நடுங்க, யாரோ ஒரு பெண் ஓடிவந்து பிடித்துக் கரை சேர்த்திருக்கிறாள். அறுபது வருஷத்துக்கு மேல் கழித்து அதைச் சொல்கிறார். 1886இல் சட்டம் வந்தது. இனி கிராஃப்ட் குடியை நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது, நியாயமான குத்தகைதான் வாங்கலாம், பிள்ளைக்கு உரிமை போகும். ஆனால் போன நிலத்தை அந்தச் சட்டம் திருப்பித் தரவில்லை.

செம்மறிக்கும் விலை இறங்கியதும் வேட்டைக்கு மான் வளர்த்தார்கள். இளம் மரக்கன்று தலைகாட்டினால் மான் கடித்துவிடும், மரம் எழும்பாது. காடு அதற்கும் ஆயிரக்கணக்கான வருஷம் முன்பே குறைந்துவிட்டது உண்மை, சீதோஷ்ணமும் ஒரு காரணம். ஆனால் இன்றைய மொட்டை மலையைக் கன்னி நிலம் என்று சொல்வது படித்தவர் செய்கிற காரியம் இல்லை. ஆள் இருந்த இடத்தை ஆளே இல்லாத இடம் என்று வர்ணித்தால், அப்புறம் அங்கே மிச்சம் இருக்கிற சில ஆட்களும் இடைஞ்சலாகத்தான் தெரிவார்கள். இதைத்தான் அந்த வீட்டுக்காரர் கோபமாகச் சொன்னார். நகரத்திலிருந்து வருகிறவர்கள் அவருடைய வேலியையும் டிராக்டர் கொட்டகையையும் காட்சியைக் கெடுப்பதாகச் சொல்கிறார்களாம். அந்த வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கும் உரிமைக்கு அவர் முன்னோர் எழுபது வருஷம் போராடியிருக்கிறார்கள்.

ஸ்ட்ராத்நேவர் இருக்கும் அதே சதர்லாண்ட் வட்டாரத்தின் மேற்குக் கரையில், அசிண்ட் என்ற இடத்தில், 1993இல் கிராஃப்ட் குடிகள் கூடி நிதி திரட்டித் தாங்கள் குடியிருந்த எஸ்டேட்டையே விலைக்கு வாங்கினார்கள். மூன்று லட்சம் பவுண்டு. அந்தக் கதையைத் தேடிப் படியுங்கள், உங்கள் மனைவிக்கும் படித்துக் காட்டுங்கள்.

வீடு வாங்குவதைக் கேட்டிருந்தீர்கள். அடிக்கடி போய்த் தங்க என்றால் வேண்டாம், வாங்காதீர்கள். 2015இல் நார்த் கோஸ்ட் 500 என்று ஒரு சுற்றுலாப் பாதையை அறிவித்த பிறகு ஒரு வண்டி மட்டுமே போகும் அகலமுள்ள அந்தச் சாலையில் கூட்டம் ஏகமாகிவிட்டது. விடுமுறை வீடாக ஒவ்வொன்றாகப் போகிறது. ஊரில் பிறந்த பையன் கல்யாணம் செய்துகொண்டு குடிபோக வீடு கிடைக்காமல் இன்வெர்னஸுக்குப் போகிறான். வருஷத்தில் நாற்பது வாரம் விளக்கெரியாத வீடு அந்த ஊருக்கு எதற்கு? பள்ளிக்கூடத்துக்கு அதிலிருந்து ஒரு பிள்ளை போகுமா?

அங்கேயே வாழப் போகிறீர்கள் என்றால் விஷயம் வேறு. நான் முழு மனதோடு போங்கள் என்பேன். முதலில் வாடகைக்கு எடுத்து நவம்பர் தொடங்கி மார்ச் வரை இருந்து பாருங்கள். டிசம்பரில் காலை ஒன்பதுக்கு விடிந்து மாலை மூன்றரைக்கு இருட்டும். எதிரே வரும் வண்டிக்கு ஒதுங்கி வழிவிட்டுக் கையசைக்கப் பழகுங்கள், கையசைக்காதவரை ஊர் மறக்காது. செம்மறிக்கு மயிர் கத்தரிக்கிற நாளில் கூப்பிடாமலே போய் நில்லுங்கள். தனிமை எழுத்துக்கு உதவுமா என்றால், அந்த ஊரில் உங்களைத் தனியாக விடமாட்டார்கள். எழுத்துக்கு அதுதான் நல்லது.

உங்கள் மனைவி என்ன வேலை பார்க்கிறார் என்று எழுதவில்லை. நர்ஸோ ஆசிரியரோ என்றால் முதலில் அவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அங்கே உங்களைவிட அவருக்குத்தான் தேவை அதிகம்.

அன்புடன்.