டெல்லிக்கு மே மாதம் வேண்டாம்

கேள்வி: நாங்கள் திருநெல்வேலியில் இருக்கிறோம். நான், கணவர், 10 மற்றும் 7 வயதுப் பிள்ளைகள், மூட்டுவலி உள்ள மாமியார் என ஐந்து பேர். மே விடுமுறையில் டெல்லி செல்ல விரும்புகிறோம். திங்கள் செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், அட்சர்தாம் எனத் தொடங்கி வெள்ளியன்று தாஜ்மகாலோடு முடிக்கிறோம். சரியாக வருமா?

பதில்: உங்கள் திட்டத்தில் முதலில் என் கண்ணில் பட்டவை கிழமைகள்தான். நீங்கள் திங்களன்று குறித்திருக்கும் மூன்று இடங்களுக்கும் அன்றுதான் வார விடுமுறை. தாஜ்மகாலுக்கு வெள்ளி விடுமுறை. ஆசையாகப் புறப்பட்டு, முதல் நாளும் கடைசி நாளும் பூட்டிய கதவுகளைப் பார்த்துத் திரும்பாதீர்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் மாதம். மே, ஜூனில் டெல்லி வெயில் 45 டிகிரியைத் தொடும். நம் ஊர் வெயிலுக்குப் பழகியவர்களையும் அங்கே வீசும் வறண்ட அனல்காற்று வாட்டிவிடும். செங்கோட்டையின் திறந்த முற்றங்களில் ஏழு வயதுக் குழந்தையோடும் மூட்டுவலிக்காரரோடும் பகலில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். அரையாண்டு விடுமுறையும் வேண்டாம். டிசம்பர் இறுதி மூடுபனியில் ரயில்களும் விமானங்களும் பல மணி நேரம் தாமதமாகும். காலாண்டு விடுமுறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். செப்டம்பர் கடைசியில் மழை ஓய்ந்திருக்கும், குளிர் வந்திருக்காது. ரயில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பே தொடங்கிவிடும். திருநெல்வேலி வழியாகச் செல்லும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் வாரம் இரண்டு நாள்தான், பயணமும் ஏறத்தாழ இரண்டு நாள். ஆகவே ரயில் ஓடும் நாளைப் பார்த்துவிட்டு விடுப்பு எழுதிக் கொடுங்கள்.

திங்களன்று குதுப்மினார் திறந்திருக்கும். உங்கள் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான முதல் இடம் டெல்லியில் இல்லை என்பேன். 1981 விபத்துக்குப் பிறகு கோபுரத்துக்குள் யாரும் ஏற முடியாது. எல்லாவற்றையும் கீழிருந்தே பார்க்கலாம் என்பதால் மாமியார் எதையும் இழக்கப் போவதில்லை. பிள்ளைகளை அங்குள்ள இரும்புத் தூணருகே நிறுத்தி, ஏறத்தாழ 1600 ஆண்டுகளாக இது துருப்பிடித்து அழியாமல் நிற்பது ஏன் என்று கேளுங்கள். இரும்பில் கலந்திருக்கும் பாஸ்பரஸ், அதன் மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கியிருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும். மாலையில் ஹுமாயூன் சமாதி. அதன் மேடைக்குச் செல்லும் படிகள் செங்குத்தானவை, மாமியார் தோட்டத்திலேயே அமர்ந்திருக்கட்டும். இந்த இரண்டு இடங்களிலும் 15 வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணம் இல்லை.

செவ்வாய் காலை செங்கோட்டை. வெயில் ஏறியதும் தேசிய அருங்காட்சியகம் சென்றுவிடுங்கள். சிந்துவெளியின் நடன மங்கை சிலை பத்து சென்டிமீட்டர் உயரம்தான், தேடித்தான் பார்க்க வேண்டும். சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் அங்கே இருக்கின்றன.

ஆக்ராவைப் புதனுக்கு மாற்றுங்கள். ஹஸ்ரத் நிஜாமுதீனிலிருந்து காலையில் புறப்படும் கதிமான் எக்ஸ்பிரஸ் 100 நிமிடத்தில் கொண்டுசேர்க்கும், மாலையில் அதிலேயே திரும்பலாம்.

வியாழன் காலை சாணக்கியபுரி ரயில் அருங்காட்சியகம். ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடிய பாட்டியாலா ரயிலைப் பார்த்துவிட்டால் பிள்ளைகள் அங்கிருந்து கிளம்பவே மாட்டார்கள். மாலை அட்சர்தாம். அங்கே கைபேசி, கேமரா, பை எதற்கும் அனுமதி இல்லை. வாசலில் ஒப்படைத்துவிட வேண்டும். வளாகம் மிகப் பெரியது. கூட்டத்தில் பிரிந்துவிட்டால் அழைத்துப் பேச வழியில்லை. ஆகவே உள்ளே நுழைந்ததுமே ஓர் இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டி, "வழி தவறினால் இங்கே வந்து நில்" என்று சொல்லிவையுங்கள். மற்ற இடங்களுக்குப் போகும்போது உங்கள் கைபேசி எண்ணை எழுதிய சீட்டு ஒன்று இருவர் சட்டைப் பையிலும் இருக்கட்டும். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

தங்குவதற்குக் கரோல் பாக் வசதியானது. தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்ந்த பகுதி, மாமியாருக்கு இட்லி கிடைக்கும். மெட்ரோ நிலையமும் அருகிலேயே இருக்கிறது. ஆனால் அலுவலக நேரத்தில் ராஜீவ் சௌக்கில் ரயில் மாறுவதைத் தவிருங்கள்; அவரால் அந்த நெரிசலில் நிற்க முடியாது. அப்போது டாக்சியே மேல். மற்ற வேளைகளில் நீங்களும் அவரும் பெண்களுக்கான முதல் பெட்டியில் ஏறிக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமையில் எதையும் திணிக்காதீர்கள். மாலையில் இந்தியா கேட் புல்வெளிக்குப் போங்கள். பக்கத்திலேயே தேசியப் போர் நினைவுச் சின்னம். அதன் சுவர்களில் உயிர்நீத்த வீரர்களின் பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. பிள்ளைகள் சில பெயர்களையாவது நின்று வாசிக்கட்டும்.