வாசகர் கேள்வி – பதில்: திரையில் தேதியும் கடிகாரமும்

கேள்வி: ஹாங்காங் இயக்குநர் வோங் கார் வாய் படங்களில் தேதி, மணி எல்லாம் ஏன் இவ்வளவு துல்லியமாகச் சொல்லப்படுகின்றன?

பதில்: கதையை நகர்த்த அவை தேவையில்லைதான், பாத்திரத்துக்குத் தேவை. ‘டேஸ் ஆஃப் பீயிங் வைல்ட்’ (1990) படத்தின் நாயகன், கடையில் வேலை பார்க்கும் பெண்ணைத் தன் கைக்கடிகாரத்தை ஒரு நிமிடம் பார்க்கச் சொல்கிறான். 1960 ஏப்ரல் 16, பிற்பகல் மூன்றுக்கு ஒரு நிமிடம். கேட்கும்போது வெறும் காதல் பசப்பாகத்தான் தோன்றும். கடைசிப் பகுதியில், ஓடும் ரயிலில், அதே தேதியைச் சொல்லி அன்று என்ன செய்தாய் என்று இன்னொருவன் அவனைக் கேட்கிறான். யாரிடமும் தங்காதவன், அந்த நிமிடத்தை மறக்கவில்லை என்று அப்போதுதான் நமக்குத் தெரிகிறது.

‘சுங்கிங் எக்ஸ்பிரஸ்’ (1994) படத்தில், ஏப்ரல் 1 அன்று காதலி விலகிப்போன போலீஸ்காரன், மே 1 காலாவதித் தேதியிட்ட அன்னாசி டப்பாவைத் தினம் ஒன்றாக வாங்குகிறான். ஏப்ரல் கடைசியில் கடையில் அந்த டப்பா இல்லை. காலாவதியாகப் போவதை யார் அடுக்கி வைப்பார்கள்? 1997 ஜூலை 1 அன்று பிரிட்டனிடமிருந்து ஹாங்காங் சீனாவின் கைக்குப் போகவிருந்தது. ஊருக்கே நாள் குறித்துவிட்ட காலத்தில் எடுத்த படம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: பெல்ஜிய இயக்குநர் ஷான்டல் அக்கர்மேனின் ‘ழான் தீல்மான்’ (1975) 201 நிமிடம். உருளைக்கிழங்கு உரிப்பதை முழுசாகக் காட்ட வேண்டுமா?

பதில்: வேண்டும். ழான் என்ற இல்லத்தரசியின் வீட்டில் மூன்று நாள் நடக்கும் கதை அது. முதல் நாள் முழுக்க அவளுடைய வேலைகளின் வரிசையை நமக்கு மனப்பாடம் செய்விக்கிறது. அதனால்தான் இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு அடிப்பிடிக்கும்போதும், பணம் போட்டு வைக்கும் பாத்திரத்தை அவள் மூட மறக்கும்போதும் நமக்குத் திக்கென்கிறது. இடையில் ஓட்டிப் பார்த்தால் அந்த அதிர்ச்சி கிடைக்காது. ஒரே மூச்சில் பாருங்கள்.

கேள்வி: குறும்படம் எடுக்கிறேன். சுவர்க் கடிகாரம் ஃப்ரேமில் வருகிறது. என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: முதல் வேலை, பேட்டரியைக் கழற்றுங்கள். ஓடும் கடிகாரத்தோடு ஐந்து டேக் எடுத்து, இரண்டாவதிலிருந்து நான்காவதுக்கு வெட்டினால் ஒரே வசனத்துக்குள் முள் பத்து நிமிடம் தாவிவிடும். கதைப்படி மணி என்ன என்பதை ஒவ்வொரு ஷாட்டுக்கும் கன்டினியூட்டி தாளில் (ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறாமலிருக்கக் குறித்துவைக்கும் தாள்) எழுதி, முள்ளைக் கையால் வையுங்கள். நொடி முள் இல்லாத கடிகாரம் உத்தமம். இருந்தால், நீண்ட ஷாட்டில் அது அசையாமல் நிற்பது பளிச்சென்று தெரியும். வெட்டே இல்லாத ஷாட் என்றால் மட்டும் கடிகாரத்தை ஓட விடலாம்.

‘டிக் டிக்’ சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். நொடிக்கு 24 ஃப்ரேம் (தனித்தனிப் படங்கள்) ஓடும் படத்தில், நொடிக்கு ஒரு டிக் என்றால் 24 ஃப்ரேமுக்கு ஒன்று. வசனத்தோடு சேர்ந்தே பதிவாகியிருந்தால், வெட்டும் இடத்தில் ஒரு டிக் 15 ஃப்ரேமிலேயே வந்துவிடும். கண்ணுக்குத் தப்பும் வெட்டைக் காது பிடித்துவிடும். எடிட் முடிந்த பிறகு, காட்சி முழுவதற்கும் ஒரே தடமாக அதைப் போடுங்கள்.

ஜன்னல் வெளிச்சத்தையும் மறக்காதீர்கள். கடிகாரம் காலை எட்டு என்று காட்டும்போது, தரையில் உச்சிவேளையின் குட்டை நிழல் விழுந்தால் பார்ப்பவர் நிழலைத்தான் நம்புவார்.