சித்திரைக்கு நேர் கீழே

கேள்வி: 10×50 பைனாகுலர் வாங்கி நிலாவைப் பார்த்தாகிவிட்டது. அடுத்து எதைப் பார்க்கலாம்? டெலஸ்கோப் வாங்கினால்தான் ஆகுமா?
– வாசகர், திருவாரூர்

பதில்: அவசரப்பட்டு டெலஸ்கோப் வாங்காதீர்கள். டெல்லிக்காரர்கள் அடிவானத்தில் தேடித் தவிக்கிற ஒமேகா செண்டாரி என்ற நட்சத்திரக் கொத்து உங்கள் ஊரில் 30 டிகிரிக்கு மேல் ஏறி நிற்கும். மே நடுவில், நிலா இல்லாத இரவு பத்து மணிவாக்கில், தெரு விளக்கைத் தாண்டி அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கிற வயல் வரப்பில் போய் நின்று (டார்ச் எடுத்துப் போங்கள், பாம்பு இருக்கும்) தெற்கே பாருங்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே வெண்ணீலமாக மின்னுவது சித்திரை நட்சத்திரம். அதிலிருந்து நேர் கீழே, கையை நீட்டி மூன்றரை முஷ்டி அளந்தால், வெறும் கண்ணுக்கு மங்கலான புள்ளி. அதுதான் ஒமேகா செண்டாரி. பைனாகுலரில் அது கோலமாவைத் துளி சிந்தித் தேய்த்துவிட்ட மாதிரி உருண்டையாகத் தெரியும். அத்தனையும் நட்சத்திரங்கள், சுமார் ஒரு கோடி! தூரம் ஏறக்குறைய 17,000 ஒளியாண்டு. 1677லேயே ஆங்கிலேய வானியலாளர் ஹாலி இதை ஒற்றை நட்சத்திரம் இல்லை என்று குறித்துவிட்டார். தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க ஆசை வந்தால், சரி, அப்புறம் டெலஸ்கோப் பற்றிப் பேசலாம்.