நான் வளர்க்கும் பால் பைத்தான் (ball python, ஒரு மலைப்பாம்பு வகை) தோலைத் துண்டு துண்டாக உரிக்கிறது, தேங்காய் எண்ணெய் தடவலாமா?

தடவ வேண்டாம். கண்ணில் ஒட்டியிருக்கும் தோலை இடுக்கியால் எடுக்கவும் வேண்டாம். யூட்யூபில் யாரோ எடுத்துக் காட்டுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வீடியோவை மூடிவிட்டு இதைப் படியுங்கள்.

நீங்கள் எந்த ஊர் என்று சொல்லவில்லை. ஆனால் ஹீட்டர் ராத்திரி பகலாக ஓடுகிறது என்று ஒரு வரி இருக்கிறது. அதனால் என்னைப் போல ஏதோ ஒரு குளிர் தேசத்தில் இருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். நான் இருப்பது கனடாவில், ஒண்டாரியோ மாகாணத்தில். இங்கே ஜனவரியில் ஃபர்னஸ் ஓடும் வீட்டுக்குள் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே சர்வசாதாரணமாக இறங்கிவிடும். நமக்கே உதடு வெடிக்கிறது, குதிகால் பிளக்கிறது. பால் பைத்தானோ கானா, டோகோ, பெனின் பக்கத்துப் பாம்பு. வெயில் நேரத்தில் எலி வளைக்குள்ளும் கரையான் புற்றுக்குள்ளும் ஈரமான மண்ணில் சுருண்டு கிடக்கும் ஜாதி. அதற்குச் சாதாரண நாளில் 55, 60 சதவீதமாவது வேண்டும், சட்டை உரிக்கும் வாரத்தில் 70. ஆக, கோளாறு பெரும்பாலும் பாம்பின் தோலில் இல்லை, உங்கள் வீட்டுக் காற்றில் இருக்கிறது. எண்ணெய் அந்தக் காற்றை மாற்றாது. தடவினால் மரத்தூள் அப்பிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான்.

இங்கே ஒரு தடுப்பு போட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் கருத்துப் பெட்டியில் வந்து பிடித்துக்கொள்வார்கள். இந்தியாவில் இருந்து இதைப் படிக்கும் யாரும் சாரையையோ மண்ணுளியையோ பிடித்து வந்து தொட்டியில் போடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். பால் பைத்தான் மாதிரி வெளிநாட்டுப் பாம்பு வைத்திருந்தாலும் 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அப்புறம், பாம்பைக் கூண்டில் வைப்பதே பாவம் என்பவர்களுக்கு: சரி, இருக்கலாம். ஆனால் என்னிடம் இருப்பது நான் காசு கொடுத்து வாங்கியது இல்லை. கூண்டில் பிறந்தது, கொண்டுபோய் விட அதற்கேற்ற காடும் இங்கே இல்லை. வெளியே விட்டால் முதல் பனியில் செத்துப்போகும்.

என் கணவருடன் வேலை பார்ப்பவரின் பையன் பல்கலைக்கழக விடுதிக்குப் போனபோது வந்து சேர்ந்தது அது. எங்கள் ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். வைக்கோல் போருக்கு அடியிலும் வரப்புக் கல்லிடுக்கிலும் முழுச் சட்டை கிடைக்கும், மூக்கு நுனி முதல் வால் நுனி வரை ஒரே துண்டாக. அதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இந்தப் பாம்பைப் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. உடம்பெல்லாம் சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாகப் பழைய தோல், அதற்கு மேல் இன்னொரு தோல். இரண்டு கண்ணும் மங்கல். வலது கண்ணின் ஓரத்தில் பழைய செலோடேப் நுனி மாதிரி ஒரு விளிம்பு கிளம்பி நின்றது. வால் நுனியில் கறுத்துச் சுருங்கிய வளையம். அந்த வளையத்தை நான் கண்ணைவிட அதிகமாகப் பயந்து பார்த்தேன். உரியாமல் நின்ற தோல் காயக் காய இறுகும், ரத்த ஓட்டம் நிற்கும், கடைசியில் வால் நுனியே உதிர்ந்துவிடும்.

தொட்டியோடுதான் கொடுத்தார்கள். கண்ணாடித் தொட்டி, மேலே கம்பிவலை மூடி, அதன்மேல் சிவப்பு பல்பு. அடியில் மரச் சீவல். பல்பின் சூட்டில் உள்ளே இருக்கும் ஈரமெல்லாம் வலை வழியாக மேலே போய்விடும். தொட்டிச் சுவரில் ஒட்டிய ஈரப்பத முள் மீட்டர் 60 காட்டியது. பக்கத்தில் என் டிஜிட்டல் மீட்டரை வைத்தேன், 22. பையன் வருஷக்கணக்கில் அந்த முள்ளை நம்பியிருக்கிறான். அவனைத் திட்டவில்லை, சின்னப் பையன். ஆனால் கடைக்காரர் அவனுக்கு மீட்டரை மாற்றித் தராமல், தோல் உரிய ஸ்ப்ரே என்று பாட்டில் பாட்டிலாக விற்றிருக்கிறார். காலி பாட்டில்கள் தொட்டிக்குக் கீழே அலமாரியில் கிடந்தன.

முதலில் ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோனேன். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பாம்பு பார்க்க மாட்டார்கள், போன் செய்து கேட்டுக்கொண்டு போங்கள். அவர் பூதக்கண்ணாடி வைத்துக் கண்ணைச் சுற்றியும் தாடைக்கு அடியிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. கண்ணைக் காட்டி, இதை இப்போது இழுக்கக் கூடாது என்றார். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு செதில் இருக்கிறது, ஒவ்வொரு முறையும் அதன் மேல்தோலும் சட்டையோடு சேர்ந்து வரும். அது வராமல் தங்குவதுதான் உங்கள் பாம்புக்கும் நடந்திருப்பது. சில சமயம் தங்கியே இருக்காது, உடம்பில் நீர் குறைந்து கண் லேசாகக் குழி விழுந்திருக்கும். அதைப் பழைய தோல் என்று நினைத்து இழுத்தால் நல்ல செதிலே பிய்ந்து வந்து கண் போய்விடும். யூட்யூபில் அதைக் காட்ட மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து நான் பாம்பை விட்டுவிட்டுத் தொட்டியைத்தான் சரி செய்தேன். வலை மூடியில் விளக்குக்கு இடம் விட்டு மற்ற பாகத்தை அலுமினிய டேப்பால் அடைத்தேன். மரச் சீவலைக் கொட்டிவிட்டு சைப்ரஸ் மரப்பட்டையை ஒரு கையளவு ஆழத்துக்குப் போட்டேன். தண்ணீரை மேலே தெளிக்காமல் நான்கு மூலையிலும் ஊற்றினேன், அடி ஈரமாகவும் மேல் காய்ந்தும் இருக்க வேண்டும் என்று. சூடான பக்கம் 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 26, இரண்டையும் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்கிறது. ஐஸ்கிரீம் டப்பாவில் பாம்பு நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, விளிம்பைச் சூடு காட்டி மழுக்கி, உள்ளே ஸ்பேக்னம் பாசியை நனைத்துப் பிழிந்து வைத்தேன். அன்று ராத்திரியே உள்ளே போய்விட்டது. காலையில் ஓட்டை வழியாக மூக்கு மட்டும் தெரிந்தது.

வாலுக்கு மட்டும் தனி வைத்தியம். மூடியில் துளை போட்ட டப்பாவில் வெதுவெதுப்பான தண்ணீர், பாம்பின் தடிமனுக்குப் பாதி உயரம், அரை மணி நேரத்துக்கும் குறைவாக, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு. பிறகு நனைத்த துண்டுக்குள் அது தானாக ஊர்ந்து போகட்டும் என்று விட்டுவிடுவேன். துண்டின் சொரசொரப்பே வேலையைச் செய்துவிடும். வால் வளையம் ஊறின பிறகு ஈரப் பஞ்சால் நுனியை நோக்கி மெல்ல உருட்டினேன். ஒரே நாளில் வரவில்லை. வந்தபோது அடியில் இளஞ்சிவப்பாகத் தோல் இருந்தது, நுனி தப்பித்துவிட்டது.

அடுத்த முறை வயிறு இளஞ்சிவப்பாகி, நிறம் மங்கி, கண் பால் நீலமானது. அந்த நாட்களில் தூக்கவும் இல்லை, இரை போடவும் இல்லை. கண் பளிச்சென்று தெளிந்ததும் உரித்துவிட்டது என்று ஏமாறாதீர்கள், தெளிந்து சில நாள் கழித்துத்தான் உரிக்கும். காலையில் பார்த்தால் டப்பாவுக்குப் பக்கத்தில் உட்புறம் வெளியே வந்த சட்டை, ஈரமாக. தலைப் பகுதியை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்துப் பார்த்தேன். இடது பக்கம் வட்டமாக, தெளிவாக, கண் மூடித்தோல் வந்திருந்தது. வலது பக்கம் வெறும் ஓட்டை. மனசு கேட்கவில்லைதான், ஆனாலும் தொடவில்லை. அதற்கடுத்த சட்டையில் வலது கண்ணிலிருந்து இரண்டு அடுக்கு ஒன்றாக ஒட்டிக்கொண்டு வந்தது. நீங்களும் ஒவ்வொரு சட்டையிலும் இரண்டு கண்ணும் வால் நுனியும் வந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள், அதற்குப் பிறகு குப்பையில் போடுங்கள்.

சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ரொம்ப நாளாக நெஞ்சில் கிடக்கிறது. இங்கே சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பொங்கல் கொண்டாடுவோம். ஆளுக்கொரு பதார்த்தம். பாம்பு வந்த வருஷத்திலிருந்து என் பாத்திரம் மட்டும் மூடி திறக்காமல் வீட்டுக்குத் திரும்புகிறது. காரணம், எங்கள் வீட்டு ஃப்ரீசரில் பாம்புக்கு இரையான எலி இருக்கிறதாம். எலி இருப்பது கராஜில் தனியாக வைத்த குட்டி ஃப்ரீசரில், சீல் வைத்த பையில். புளியோதரைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? போன மாதம் மளிகைக் கடையில் வாங்கிய மீனை முருங்கைக்காய் பாக்கெட்டோடு ஒரே தட்டில் திணித்து வைத்திருப்பவர்கள் சொல்கிறார்கள் இதை. நேரே கேட்டால் "சேச்சே, வயிறு நிறைஞ்சிடுச்சு அக்கா" என்பார்கள். போகட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஈரம் ஈரம் என்றேனே என்று தொட்டியைச் சேறாக்கிவிடாதீர்கள். எப்போதும் நசநசவென்று இருந்தால் வயிற்றுச் செதிலில் கொப்புளமும் பழுப்புக் கறையும் வரும். அது கிருமி வேலை, மருந்து இல்லாமல் போகாது. வயிற்றில் ஓரிடத்தில் மட்டும் சிவந்து செதில் உருகினாற்போல இருந்தால் ஹீட் மேட் (தொட்டிக்கு அடியில் வைக்கும் சூடு தரும் விரிப்பு) சுட்டிருக்கலாம். பாம்பு நாள் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடந்து, கிண்ணத்தின் அடியில் மிளகைப் பொடித்த மாதிரி கறுப்புப் புள்ளி கிடந்தால் உண்ணி. இந்த மூன்றிலும் என் பதிலைப் படித்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள். ஈரத்தைச் சரி செய்த பிறகும் இரண்டு மூன்று சட்டை தாண்டிக் கண்ணில் தோல் நின்றால், அப்போதும் போங்கள். நான் மருத்துவர் இல்லை, ஒரு பாம்பை வைத்துப் பேசுகிறேன். கார்ன் ஸ்னேக் வளர்ப்பவர்கள் என் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, அதற்கு இவ்வளவு ஈரம் தேவைப்படாது.

டிஜிட்டல் மீட்டரைத் தொட்டியின் இரண்டு பக்கமும் ஒரு ராத்திரி வைத்து, என்ன காட்டுகிறது என்று கீழே எழுதுங்கள். படம் போட்டால் ஃப்ளாஷ் இல்லாமல் பகலில் எடுங்கள். வால் நுனியும் தெரியட்டும்.